பலகை சேர்த்து ஒட்ட எந்தப் பசை, எத்தனை நாள் காத்திருப்பது: கடலோரத்துக்கான கணக்கு

மேசைப் பலகையோ கதவுப் பலகையோ, நாலைந்து துண்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்து ஒட்டி அகலப்படுத்தப் போகிறவர்கள் கடைக்குப் போனதும் கேட்பது ஒரே கேள்விதான்: "எது சீக்கிரம் காயும்?" கடைக்காரரும் ஒரு டப்பாவை எடுத்து வைத்துவிடுவார். மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டி என்று கடல்காற்று படுகிற ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியால் பாதிப் பிரயோஜனம்கூடக் கிடையாது. ஏனென்றால் பசைக்கு ஒரு நேரம் இல்லை, மூன்று நேரம் இருக்கிறது. பலகைகளை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பைக் கழற்றலாம் என்பது ஒன்று. பலகையைத் தூக்கி நிறுத்தலாம், பாரம் ஏற்றலாம் என்பது இன்னொன்று. இழைத்து, உப்புத்தாள் போட்டு, பாலிஷுக்குக் கொடுக்கலாம் என்பது மூன்றாவது. டப்பாவில் பெரிதாகப் போட்டிருப்பது முதலாவது நேரம். தேடிப் படித்தால் இரண்டாவது கிடைக்கும். மூன்றாவதை அநேகமாக யாரும் அச்சடிப்பதில்லை. நம் பக்கம் நல்ல பலகை கெடுவதெல்லாம் அந்த மூன்றாவதில்தான்.

முதலில் எல்லாப் பட்டறையிலும் இருக்கிற வெள்ளைப் பசையை எடுத்துக்கொள்வோம், ஃபெவிகால் எஸ்ஹெச் வகை. பாலிவினைல் அசிடேட் என்ற பொருள் நுண்துகள்களாகத் தண்ணீரில் மிதக்கிறது, தண்ணீர் போகப் போகத் துகள்கள் நெருங்கி ஒரே படலமாகிவிடுகின்றன, அவ்வளவுதான் அதன் வேலை. எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். இரண்டு பலகைக்கு நடுவே அழுந்திக் கிடக்கும் பசையிலிருந்து அந்தத் தண்ணீர் காற்றுக்கு நேராகப் போக வழியில்லை, மரத்துக்குள்தான் போயாக வேண்டும். மரம் காய்ந்திருந்தால் சட்டென்று வாங்கிக்கொள்ளும், ஏற்கெனவே ஈரம் ஏறிய மரமென்றால் மெதுவாகத்தான் வாங்கும். சாயங்காலம் ஒட்டி மறுநாள் காலையில் கிளாம்பைக் கழற்றுவது என்று ஆசாரிகள் வைத்திருக்கிற வழக்கம் இந்தப் பசைக்குச் சரியாகவே இருக்கிறது, முழுப் பலத்துக்கு 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் காலையில் கழற்றுவதை மறுநாள் சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுங்கள். குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். வெளிநாட்டுப் பாட்டில்களில் 10 டிகிரிக்குக் கீழே ஒட்டாதீர்கள் என்று எச்சரிக்கை போட்டிருக்கும், பாம்பனில் மார்கழி ராத்திரியில்கூட 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

இன்னொரு வழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது. வாளியில் பசை கட்டியாகிப்போனால் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் குச்சியால் கலக்கிவிடுவது. தடவ லேசாக இருக்கும்தான், ஆனால் காய வேண்டிய தண்ணீரும் கூடிப்போகிறது, பிடிப்பும் குறைகிறது. பசை விலையை மரத்தின் விலையோடு வைத்துப் பார்த்தால் இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை.

சரி, அந்த மூன்றாவது நேரத்துக்கு வருவோம். பசையின் தண்ணீர் போய்ச் சேரும் இடம் ஜாயின்ட்டின் இரண்டு பக்கத்திலும் இருக்கிற ஒட்டு ஓர மரம். அந்த ஓரம் மட்டும் ஊதி நிற்கும், கண்ணுக்கும் தெரியாது, கையில் தடவினாலும் தெரியாது. கிளாம்பைக் கழற்றிய கையோடு பிளானரில் விட்டு ஒரே மட்டமாக இழைத்துவிட்டோம் என்றால் ஊதியிருந்ததையும் சேர்த்துச் சீவிவிட்டோம் என்று அர்த்தம். பிறகு ஈரம் போகப் போக அந்த ஓரம் தன் பழைய அளவுக்குச் சுருங்கி உள்ளே இறங்கிவிடும். பாலிஷ் போட்ட மேசையை ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுகிற இடத்தில் வைத்துக் கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள், ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் நூல் பிடித்தாற்போல் ஒரு பள்ளம் ஓடும், நகத்தைக் குறுக்கே இழுத்தால் லேசாகத் தட்டும். ஜாயின்ட் விட்டிருக்காது, உடைத்துப் பார்த்தால் மரம்தான் பிளக்கும், பசைக்கோடு பிளக்காது. ஆனாலும் வீட்டுக்காரர் "ஒட்டு தெரியுதே அண்ணே" என்பார், ஆசாரி பசையைக் குறை சொல்வார், அடுத்த வேலைக்குக் கம்பெனியை மாற்றுவார்கள், அங்கேயும் அதே கோடு வரும்.

இதற்கு மருந்து காத்திருப்பது ஒன்றுதான். என் கணக்கு: வறண்ட மாதங்களில் கிளாம்ப் கழற்றிய பிறகு மூன்று நாள், வடகிழக்குப் பருவமழை நடக்கிற அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் ஒரு வாரம், ஒன்றேகால் இஞ்சு ஒன்றரை இஞ்சுத் தடிப்பு என்றால் இரண்டிலும் ஒரு நாள் கூட. அந்த நாட்களில் பலகையை எப்படி வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சிமென்ட் தரையில் படுக்கப் போட்டால் அடிப்பக்கம் தரையின் ஈரத்தை வாங்கி மேல்பக்கம் காய்ந்து பலகை கிண்ணம் போல் வளைந்துவிடும்; சுவரில் சாய்த்தால் தன் கனத்துக்குத் தொய்யும். ஒரே தடிப்புள்ள ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) துண்டுகளைக் குறுக்கே வைத்து, அதன் மேல் பலகை, மறுபடி ரீப்பர், மறுபடி பலகை என்று அடுக்கி, மேலே கொஞ்சம் பாரம் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காற்று படும். காய்ந்ததா இல்லையா என்று சந்தேகமென்றால் மீன் எடைபோடுகிற டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்றில் தினமும் ஒரே நேரத்தில் பலகையைத் தூக்கி எடை பார்த்துக் குறித்து வையுங்கள், தொடர்ந்து இரண்டு நாள் எடை அசையாமல் நின்றால் இழைக்கலாம்.

இப்போது வேகப் பசை. ஃபெவிகால் ஸ்பீடெக்ஸ் மாதிரி உள்ளூரில் கிடைப்பதும் உண்டு, ஆன்லைனில் வாங்குகிற டைட்பாண்ட் வகைகளும் உண்டு, வகையைப் பொறுத்து அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் கிளாம்பைக் கழற்றிவிடலாம். ஆனால் இதுவும் தண்ணீர்ப் பசைதான், மரத்துக்குள் போகிற ஈரம் போகத்தான் செய்கிறது, அது வெளியேற ஆகும் நாளும் அதேதான். வேகப் பசை கிளாம்பைச் சீக்கிரம் விடுவிக்கும், பலகையை விடுவிக்காது. அதனால் இதை வாங்குவதா வேண்டாமா என்பதற்கு உங்களிடம் எத்தனை கிளாம்ப் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும். பார் கிளாம்ப் ஆறு இருக்கிறது, ஒரு பலகைக்கு ஆறும் தேவை, எட்டுக் கதவுப் பலகை ஒட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பசையில் நாளுக்கு ஒன்று, எட்டு நாள். வேகப் பசையில் நாளுக்கு மூன்று, மூன்றாம் நாளே ஒட்டி முடிந்துவிடும். அதன் மேல் எல்லாவற்றுக்கும் அதே மூன்று நாள் காத்திருப்பு. பதினோரு நாள் வேலை ஆறு நாளாகிறது, அது லாபம்தான். ஒரே ஒரு மேசை செய்கிறவருக்கு? அரை நாள்கூட மிச்சமாகாது, கூடுதல் காசும் கூடுதல் பதற்றமும்தான் மிச்சம்.

பதற்றம் என்று சொன்னது சும்மா இல்லை. பசையைத் தடவியதிலிருந்து கிளாம்பை முறுக்கி முடிக்கும் வரைக்கும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் நம் ஊரில் தலைவலி. சாதாரண வெள்ளைப் பசைக்குச் சுமார் பத்து நிமிடம் என்றால் வேகப் பசைக்கு ஐந்து. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துத் தகரக் கொட்டகையில் மத்தியானம் இரண்டு மணிக்கு இந்தப் பத்தும் ஐந்தும் பாதியாகிவிடும். ஐந்தாவது பலகைக்குத் தடவிக்கொண்டிருக்கும்போதே முதல் பலகையில் பசை மேல் தோல் கட்டியிருக்கும், விரல் வைத்தால் ஒட்டாமல் சுருங்கி வரும். அப்படித் தோல் கட்டிய பிறகு எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு வராது. அதோடு பலகைக்குள் மணலும் பறந்து வந்து உட்காரும், அது தனிக் கதை.

இதற்குப் பழைய ஆசாரிகள் செய்கிற வழி எளிதானது. "மொத்தமா ஒட்டாதீங்க தம்பி, ரெண்டு மூணா ஒட்டிட்டு அப்புறம் சேருங்க" என்பார்கள். ஆறு பலகையை மூன்று மூன்றாக ஒட்டி, மறுநாள் நடுவில் ஒரே ஒரு ஜாயின்ட் மட்டும் போடுவது. ஒரு நாள் கூடுகிறதே என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜாயின்ட்டுக்கு மேல் தடவ வேண்டியதில்லை, பலகைகள் வழுக்கி மேலும் கீழுமாகப் போவதும் குறையும், மட்டம் நன்றாக வந்தால் பின்னால் இழைக்கிற வேலையில் அந்த ஒரு நாளைத் திரும்ப எடுத்துவிடலாம். காற்று எழும்புவதற்கு முன் காலை ஆறு ஏழு மணிக்கு ஒட்டுவது இன்னும் நல்லது. பசையைத் தாராளமாக ஒரு பக்கம் ஊற்றிப் பல்தூரிகை வைத்தோ சின்ன ரோலர் வைத்தோ பரப்பினால் போதும், கிளாம்ப் முறுக்கும்போது நீளம் முழுக்கச் சின்னச் சின்ன மணிகளாகப் பிதுங்கி வர வேண்டும். எங்காவது வரவில்லை என்றால் அங்கே பசை போதவில்லை, இல்லை ஓரம் நேராக இழைக்கப்படவில்லை. பிதுங்கியதை உடனே ஈரத் துணியால் துடைக்காதீர்கள், துடைக்கிற தண்ணீரும் கரைந்த பசையும் மர ரேகைக்குள் போய் பாலிஷில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். முக்கால் மணி நேரம் கழித்து அது ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சீவி எடுத்தால் சுத்தமாக வந்துவிடும்.

கிளாம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் உப்புக்காற்றில் இரும்பு கிளாம்ப் துருப்பிடிக்காமல் இருக்காது, ஈரப் பசையோடு துரு சேர்ந்தால், அதுவும் கருவேலம் மாதிரி துவர்ப்புள்ள மரமென்றால், கறுப்புக் கறை உள்ளே இறங்கிவிடும், இழைத்தாலும் லேசில் போகாது. கிளாம்ப் தண்டுக்கும் பலகைக்கும் நடுவே பாலித்தீன் கவர் துண்டு வையுங்கள். செய்தித்தாள் வைத்தால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

வாசல் கதவு, குளியலறைப் பக்கத்துக் கதவு, மொட்டைமாடி மேசை, அடிக்கடி கழுவுகிற சமையலறைப் பலகை என்று தண்ணீர் படுகிற வேலை எதுவாக இருந்தாலும் சாதாரண வெள்ளைப் பசையை நினைக்கவே வேண்டாம். ஈரம் பட்டால் அது இளகும், மறுபடி மறுபடி பட்டால் ஜாயின்ட் வாய் பிளக்கும். ஃபெவிகால் மரைன் மாதிரி தண்ணீர் தாங்கும் வகை வேண்டும். பாட்டிலில் டி1-லிருந்து டி4 வரைக்கும் ஒரு குறி போட்டிருந்தால் அது ஐரோப்பியத் தர அளவு. டி3 என்றால் அவ்வப்போது தண்ணீர் படுகிற இடத்துக்கு, டி4 என்றால் அதைவிடக் கடினமான இடத்துக்கு. இந்த டி3 சோதனையில் நமக்கு உபயோகமான ஒரு விஷயம் இருக்கிறது. ஒட்டிய துண்டுகளை ஏழு நாள் வைத்திருந்த பிறகுதான் நாலு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு இழுத்துப் பார்க்கிறார்கள். அதாவது தண்ணீர் தாங்கும் என்ற வாக்கு ஏழு நாள் ஆன பலகைக்குத்தான், நேற்று ஒட்டி இன்றைக்கு நிலையில் மாட்டிய கதவுக்கு இல்லை. கிளாம்ப் நேரத்தில் இந்த வகைக்கும் சாதாரண வகைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, ராத்திரி முழுக்க விடுங்கள். விலை வித்தியாசம் ஒரு கதவுக்குப் பார்த்தால் கொசுறு. கடலைப் பார்த்த வீடு என்றால் உள்கதவுகளுக்கும் சேர்த்து இதையே வாங்கிவிடுவேன், இரண்டு டப்பா வைத்துக்கொண்டு எது எங்கே என்று குழம்புவதற்குப் பதிலாக.

தண்ணீரே இல்லாத பசைகள் இரண்டு இருக்கின்றன, அந்த மூன்றாவது நேரத்தை உண்மையிலேயே குறைப்பவை அவைதான்.

ஒன்று பாலியூரித்தேன் பசை. இது காய்வதே ஈரத்தை வாங்கித்தான். காற்றிலும் மரத்திலும் இருக்கிற ஈரத்தோடு சேர்ந்து இறுகும், அதனால் வெள்ளைப் பசை தவிக்கிற மழை மாதத்தில் இது சுறுசுறுப்பாக வேலை செய்யும். மரத்துக்குள் தண்ணீரை ஏற்றாது, ஓரம் ஊதாது, மறுநாளே இழைக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இறுகும்போது நுரைத்துப் பொங்கும், அந்த நுரைக்குப் பலம் கிடையாது, இடைவெளியை நுரை அடைத்துவிட்டது என்று நம்பினால் ஏமாந்துபோவோம். ஓரங்கள் முடியிழை நுழையாதபடி சேர வேண்டும், கிளாம்ப் இறுக்கமாக இருக்க வேண்டும். கையில் பட்டால் கறுத்துப்போய் நாள்கணக்கில் போகாது, கையுறை கட்டாயம். எல்லாவற்றையும்விட நமக்குப் பெரிய தொல்லை, எந்த ஈரத்தில் இது காய்கிறதோ அதே ஈரம் திறந்த பாட்டிலுக்குள்ளும் போய் மிச்சப் பசையைக் கல்லாக்கிவிடும். நம் பக்கம் ஒருமுறை மூடியைத் திறந்தால் அந்த வாரத்திலேயே தீர்த்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள், சின்னப் பாட்டிலாகவே வாங்குங்கள். ராமநாதபுரத்தில் எல்லாக் கடையிலும் இருக்காது.

இன்னொன்று எபாக்சி, கடையில் அரால்டைட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டு டியூப், சரிபாதி கலந்து தடவுவது. இது காற்றையும் நம்பவில்லை, ஈரத்தையும் நம்பவில்லை, கலந்த நொடியிலிருந்து தனக்குள்ளேயே இறுகிக்கொண்டு போகும், சூடு ஏற ஏற வேகமெடுக்கும். அதனால் சித்திரை வைகாசியில் ஒரு கப்பில் நிறையக் கலந்து வைத்தால் கப்பே கொதித்து, பலகைக்கு எடுப்பதற்குள் கட்டியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு தடவ வேண்டும். ஐந்து நிமிட வகை பலகை ஒட்டுவதற்கு ஆகாது, மெதுவாக இறுகுகிற சாதாரண வகையே வேண்டும். கிளாம்பை லேசாக முறுக்கினால் போதும், பலமாக முறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்து ஜாயின்ட் பட்டினி கிடக்கும், வெள்ளைப் பசைக்கு நேர் எதிர் பழக்கம் இது. மறுநாள் கழற்றலாம், இழைக்கலாம். குறை என்றால் விலை, அப்புறம் வெயில். மேற்குப் பார்த்த கதவில் கரும் பாலிஷ் போட்டு மத்தியான வெயில் அடித்தால் மரம் ஏறுகிற சூட்டுக்குச் சாதாரண எபாக்சி கொஞ்சம் இளகும். தேக்கு போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் எதை ஒட்டினாலும் ஓரத்தை அன்றைக்கே புதிதாக இழைத்து, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. நம் கரையில் ஃபைபர் படகு வேலை நடக்கிற இடமெல்லாம் ரெசின் கேனும் ஹார்டனரும் கிடைக்கும், எபாக்சியைவிட மலிவு, அரை மணி நேரத்தில் கல்லாகிவிடும், "இதையே ஊத்தி ஒட்டிறலாம்ல" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். கண்ணாடி நாரோடு சேர்ந்தால்தான் அதற்குப் பலம், மரத்தோடு மரம் ஒட்ட அது லாயக்கில்லை. இறுகும்போது சுருங்கும், மரத்தில் பிடிப்பும் சுமார்தான், கொஞ்ச நாளில் தகடாக உரிந்து வரும். நேரத்தை மட்டும் பார்த்துப் பசை எடுத்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

எபாக்சியைத் தவிர வேறு வழியே இல்லாத ஒரு வேலையும் நம் பக்கம்தான் அதிகம்: பழைய வத்தை (நாட்டுப்படகு), விசைப்படகுப் பலகைகளைக் கழற்றி மேசை, பெஞ்சு செய்வது. பார்க்க அழகான மரம், ஆணித் துளையும் பெயின்ட் மிச்சமுமாக, தங்கும் விடுதிக்காரர்கள் ஆசையாக வாங்குகிறார்கள். வருடக்கணக்கில் கடலில் கிடந்த மரத்துக்குள் உப்பு இறங்கியிருக்கும். சோற்றுப்பு இருக்கிறதே, அது காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பித்துவிடும், கடல் உப்பில் கலந்திருக்கிற மக்னீசியம் உப்புகள் அதற்கும் முன்பே இழுக்கும். நம் கரையில் 75-ஐத் தாண்டாத ராத்திரி குறைவு. ஆக அந்தப் பலகை பகலில் காய்ந்த மாதிரி தெரியும், விடிகாலையில் தொட்டால் வியர்த்திருக்கும். அதில் வெள்ளைப் பசையைத் தடவிவிட்டு எத்தனை நாள் காத்திருந்தாலும் பசை வெண்ணெய் பதத்திலேயே கிடக்கும், தண்ணீர் போக இடமே இல்லை. ஓரத்தில் ஒரு அங்குலமாவது அறுத்துத் தள்ளி உள்மரம் தெரிய வேண்டும், நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நிழலில் அடுக்கிப் பல வாரம் காயவிட்டு, அதன் பிறகு எபாக்சி. பாலியூரித்தேன் ஈரத்தை விரும்பும் என்றாலும் உப்புப் படிந்த ஓரத்தில் அதையும் நம்ப மாட்டேன்.

வஜ்ரம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. காய்ச்சித் தடவுகிற பழைய பசை, சூடு ஆறும்போதே பிடித்துக்கொள்ளும், இசைக்கருவி செய்கிறவர்களுக்கு அது வேண்டும். கடலோர ஈரத்தில் கதவுக்கும் மேசைக்கும் வேண்டாம்.

பசையை எதுவாக மாற்றினாலும் தீராத ஒரு விஷயம் மரத்தின் ஈரம். சுற்றிலும் இருக்கிற காற்றுக்கு ஏற்றபடி மரம் ஈரத்தை வாங்கியும் விட்டும் ஒரு அளவில் நிற்கும். காற்றில் 65 சதவீத ஈரப்பதம் என்றால் மரத்தில் சுமார் 12 சதவீதம், காற்றில் 80 என்றால் மரத்தில் 15 - 16, ஏசி ஓடுகிற அறையில் 50 சதவீதம் என்றால் மரத்தில் சுமார் 9. மரவாடிக்காரர் "நல்லாக் காஞ்ச தேக்கு" என்று சத்தியம் செய்தாலும் நம் பட்டறையில் இரண்டு மழை மாதம் கிடந்தால் அது 14 - 15-க்கு வந்துவிடும். அந்தப் பலகையில் ஒட்டி இரண்டடி அகல மேசை செய்து, கீழக்கரையில் ஏசி போட்ட ஹாலில் கொண்டு வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வழக்கமாக அறுத்த தேக்கு அகலவாக்கில் ஒரு சதவீத ஈரத்துக்குச் சுமார் 0.2 சதவீதம் சுருங்கும். 14-லிருந்து 9-க்கு இறங்கினால் ஒரு சதவீதம். 600 மில்லிமீட்டரில் ஒரு சதவீதம் என்றால் 6 மில்லிமீட்டர், கால் இஞ்சு. அதைக் கீழே சட்டத்தோடு ஆணியடித்தோ பசை போட்டோ இறுக்கியிருந்தால் பலகை எங்காவது பிளக்கத்தான் வேண்டும், எபாக்சியாக இருந்தாலும் சரி, வேறெதுவாக இருந்தாலும் சரி. சட்டத்தில் ஸ்குரூ துளையை நீளவாக்கில் விட்டு நகர இடம் கொடுங்கள், கதவுப் பலகையென்றால் சட்டத்தின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) பசை போடாமல் சும்மா செருகிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன்பே பலகைகளைப் போய்ச் சேரப்போகிற வீட்டிலேயே இரண்டு வாரம் அடுக்கி வைக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, 12-க்குக் கீழே காட்டினால் தைரியமாக ஒட்டலாம், 15 காட்டினால் எந்தப் பசையும் வேண்டாம், பேசாமல் காத்திருங்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் எதை எடுப்பேன் என்றால், அலமாரித் தட்டு, கட்டில் தலைமாட்டு, உள்மேசை எல்லாவற்றுக்கும் சாதாரண வெள்ளைப் பசை, ராத்திரி முழுக்கக் கிளாம்ப், மூன்று நாள் காத்திருப்பு. தை மாசியிலிருந்து ஒட்டினால் எந்தச் சிக்கலும் இல்லாத வேலை. ஊஞ்சல் பலகைக்கும் அதேதான், தாழ்வாரத்தில் சாரல் படுகிற ஊஞ்சல் என்றால் மட்டும் தண்ணீர் தாங்கும் வகை. வாசல் கதவுக்குத் தண்ணீர் தாங்கும் வகை, மாட்டுவதற்கு முன் ஏழு நாள், அதைக் குறைக்கச் சொல்லி எவ்வளவு கேட்டாலும் குறைக்காதீர்கள். வேகப் பசை, ஒரே மாதிரிப் பலகை நிறைய ஒட்டுகிறவர்களுக்கு மட்டும். படகு மேல்தட்டு மூடி, பெட்டி மூடி மாதிரி வேலைக்கு எபாக்சி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு மராமத்து மொத்தமும் கரையில் நடக்கும்போது இந்த வேலைகள் குவியும், அந்த வெயிலில் எபாக்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க மறக்காதீர்கள்.

கடைசியாக, புதுமனை புகுவிழாவுக்குத் தேதி குறித்துவிட்டு ஒரு வாரத்துக்கு முன்னால் மேசை கேட்டு வருகிறவர்கள். கார்த்திகையில் அப்படி வந்தால் வெள்ளைப் பசையில் செய்து கொடுக்க முடியாது என்று நேராகச் சொல்லிவிடலாம். காசு பொருட்டில்லை என்பவருக்கு, மரமும் காய்ந்திருந்தால், பாலியூரித்தேனில் ஒட்டி மறுநாள் இழைத்து மூன்றாம் நாள் பாலிஷுக்கு அனுப்பலாம். காசும் பார்ப்பார் என்றால் ஆலையிலேயே ஒட்டி இழைத்து வருகிற ரப்பர் மரப் பலகை இருக்கிறது, சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்த மாதிரி சேர்த்து ஒட்டியிருப்பார்கள், சூளையில் காயவைத்து, பூச்சி அரிக்காமல் மருந்தேற்றியது. அறுத்துக் கால் மாட்டினால் வேலை முடிந்தது. அது காய்ந்த நிலையில் வருகிற மரம், நம் காற்று பட்டதும் ஈரம் வாங்கி விரியும், அதனால் வாங்கி வந்த அன்றைக்கே பிளாஸ்டிக் கவரைப் பிரித்து ரீப்பர் மேல் வீட்டுக்குள் வைத்துவிட்டு, மூன்று நாளாவது கழித்து அளவெடுத்து அறுங்கள். அறுத்த முனைகளில் அன்றைக்கே ஒரு கோட் சீலர் அடித்துவிடுங்கள், ரப்பர் மரம் முனை வழியாகத்தான் வேகமாக ஈரம் குடிக்கும்.